உறை

"ராத்திரியில்தான் இருமுகிறான்" என்றாள் லைனே.
கையுறையைக் கழற்றாமலே
துக்ஸைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.
பதினோரு வயது, ஒன்பது கிலோ,
குட்டைக் கால்கள், கிழிந்த இடது காது,
உடம்பெல்லாம் புகையூட்டிய மீன்வாடை.

இருமலுக்கு இரண்டு வீடு.
ஒன்று நுரையீரல், மற்றது நெஞ்சு.
புகைக்கொட்டகை வாசலே கதியென்று கிடப்பவன்
எந்த வீட்டிலிருந்து இருமுகிறான் என்று
தெருவில் நின்று எப்படிச் சொல்வது?

குழாயை வைத்துக் கேட்டேன்.
லப்புக்கும் டப்புக்கும் நடுவே
ஒரு உஷ்.
சரியாகச் சாத்தாத கதவின் இடுக்கில்
காற்று நுழைவதுபோல்
வந்த வழியே கொஞ்சம் ரத்தம் திரும்புகிறது.
எவ்வளவு என்பதைக் காது சொல்லாது.
எக்கோ ஸ்கேன் எங்கள் தீவில் இல்லை.
அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர்
மாதம் ஒருமுறை வருவார்,
அதுவும் கடல் விட்டால்.

கழுத்தில் கட்டைவிரல் அகலம் மழித்தேன்.
என் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தான்.
இரண்டு மில்லி.
இயந்திரத்தில் சுழன்று
சிவப்பு அடியில் படிய
மேலே வைக்கோல் நிறம் தெளிந்தது.

"இதில் என்ன தெரியும்?"

சுவர் இழுபடும்போது
இதயம் ஒரு கடிதம் எழுதும் என்றேன்.
'பாரம் தாங்கவில்லை, தண்ணீரை வெளியே விடு'
என்று சிறுநீரகத்துக்கு.
கடிதம் சீக்கிரம் கரைந்துவிடும்.
பிரித்தெறிந்த உறை மட்டும்
இன்னும் கொஞ்ச நேரம் ரத்தத்தில் அலையும்.
தார்த்து நகரத்து ஆய்வகத்தில்
உறைகளை எண்ணுவார்கள்.

"என்ன எழுதியிருந்தது என்று பார்க்க மாட்டார்களா?"
"எத்தனை என்று மட்டும்."
"ஸ்வீடனிலிருந்து என் தம்பி அனுப்புவதும் அப்படித்தான்.
பணம் இருக்கும். ஒரு வரி இருக்காது."

அன்று பார்த்துக் கிழக்குக் காற்று.
ஹெல்தர்மா துறையில் கடல் பின்வாங்கிப்
பாசி பிடித்த கற்கள் வெளியே தெரிந்தன.
கப்பலுக்கு ஆழம் போதாது,
இன்று இல்லை, நாளையும் சந்தேகம் என்றார்கள்.
குழலை வீட்டுக்குக் கொண்டுபோய்
உறைபெட்டியில் வைத்தேன்,
சென்ற கோடையின் நீலப்பழங்களுக்கும்
பாதி தின்ற ஐஸ்கிரீமுக்கும் நடுவில்.
சூடு பட்டால் உறைகள் சிதையும்.
எண்ணிக்கை குறைந்து
நல்ல சேதி மாதிரியே ஒரு பொய் வரும்.
இரண்டு இரவு
பெட்டியை நான் திறக்கவேயில்லை.
என் கணவருக்கு ஐஸ்கிரீம் கிடைக்கவில்லை.

ஆறாம் நாள் பதில்:
ஆயிரத்து நூற்று எண்பது.
இன்னும் இறங்கியிருந்தால்
பழியை நுரையீரல்மேல் போட்டிருக்கலாம்.
இன்னும் ஏறியிருந்தால் நெஞ்சின்மேல்.
இது நடுவாற்றில் நிற்கிற மாடு.
கிழட்டுச் சிறுநீரகமும்
உறைகளை வெளியேற்றாமல் சேர்த்துவைக்கும் என்பதை
எந்த வாக்கியத்தில் சொல்வதென்று
போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
"அப்படியென்றால் ஒன்றும் தெரியவில்லை" என்றாள்.
"எங்கே நிற்கிறான் என்று தெரிகிறது.
எந்தப் பக்கம் போகிறான் என்பதற்கு
மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எண்ண வேண்டும்.
அதுவரை
மீன்தோல் கூடாது, உப்பு.
படுக்கையைப் புகையிலிருந்து தள்ளிப் போடு.
அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணு.
நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் கூப்பிடு,
எந்த நேரமானாலும்."

அன்றிரவே போனில் செய்தி:
22.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
மறுநாள் 19. அப்புறம் 24.
அன்று நான் சரியாகத் தூங்கவில்லை.
அடுத்து 20.
பல் தேய்க்கும்போதே
போனைத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

பதினேழாம் இரவு
மணி பன்னிரண்டாகியும் எண் வரவில்லை.
சாவியைத் தேடி எடுத்து
ஒரு பூட்ஸை மாட்டியிருந்தேன்.
அப்போது வந்தது, முதல்முறையாக எழுத்தில்:

"தூக்கத்தில் ஓடுகிறான், டாக்டர்.
நாலு காலும் ஆடுகின்றன.
எண்ண முடியவில்லை."